ஆட்டு ஈரல் என்று சொன்னேன்

என் மனைவிக்கு முழங்கால் மாற்றுவது என்று முடிவாகி, அதற்கு நாள் குறிக்கப்போகிற நேரத்தில் இரத்தப் பரிசோதனை குறுக்கே வந்தது. எங்கள் குடும்ப வைத்தியர் தமிழ்ப் பிள்ளை, இளம் பெண். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்ரி, உங்கட அயர்ன் நல்லாக் குறைவு. இப்பிடி இருந்தா சேர்ஜன் ஒப்பரேசன் செய்யமாட்டார். ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள ஏத்த வேணும்."

இரும்புக் குளிசை அவளுக்கு ஒத்துவரவில்லை, வயிற்றைக் கட்டிப்போட்டது. இரும்பை ட்ரிப்பில் ஏற்றலாம் என்றார் வைத்தியர். தன் அக்காவுக்கு அப்படி ஏற்றியபோது அவர் நடுங்கிப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என் மனைவி. "அது மட்டும் வேண்டாம், பிள்ளை" என்றாள். அப்படியானால் சாப்பாட்டால் முயன்று பார்க்கலாம், ஈரல் நல்லது, கிழமைக்கு ஒருநாள் கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும், பிறகு திரும்ப இரத்தம் பார்ப்போம் என்று வைத்தியர் சொன்னார்.

நார்த்மீட் புறநகரில் எங்கள் வீட்டுக்குப் படி ஏறித்தான் போகவேண்டும். படிகளுக்குக் கீழே கராஜும், அதை ஒட்டி அவளுடைய கத்தரியும் கறிவேப்பிலையும். முழங்கால் நோவால், வெளியே போக நான் தாங்கி இறக்கும் நாட்கள் தவிர, அவள் கீழே இறங்கி மாதக்கணக்காகிவிட்டது. மேலே ஜன்னலோரம் கதிரையைப் போட்டு, கன்றுகளுக்கு நான் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து, ஊற்றுவது பிழை என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தப் படிகளில் தானாக இறங்கவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

நான் ஊரில் இரசாயனம் படிப்பித்தவன். இங்கே வந்து ஓய்வு பெறும்வரை ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன். இரும்பு என்றால் என் பாடம் என்று எடுத்துக்கொண்டேன். சாப்பிட்ட கையோடு பாலில்லாத பிளேன்ரீ குடிப்பது அவளுடைய பழக்கம். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது என்று அதைத் தள்ளிவைத்தேன். எலுமிச்சை, தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும் என்றும் விளக்கினேன்.

"பள்ளிக்கூடத்தை விட்டாலும் படிப்பிக்கிறதை விடமாட்டியள்" என்றாள்.

மாட்டிறைச்சி எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. செம்மறியின் மணம் அவளுக்கு ஆகாது. ஆட்டு ஈரல்தான் மிச்சம். முதல் கிழமை இறைச்சிக் கடையில் கிடைத்தது. கராஜில் இருக்கும் இரண்டாவது அடுப்பில், மணம் வீட்டுக்குள் போகாமல், நானே சமைத்தேன். அடுத்த கிழமை போனபோது கடைக்காரர் கையை விரித்தார். ஆடு வந்த அன்றே ஈரலுக்கு ஆட்கள் வந்துவிடுகிறார்களாம்.

வெறும் கையோடு வந்து இறங்கியபோது பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். என் குறையைக் கேட்டுவிட்டு உள்ளே போய், ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய மருமகன் உரிமம் வைத்து மான் வேட்டைக்குப் போகிறவர். டப்பாவுக்குள் மான் ஈரல், கருஞ்சிவப்பாகப் பளபளவென்று இருந்தது. மேய்ச்சல் நிலத்தில் தன்பாட்டில் திரிந்த மான், இதைவிடச் சத்தான ஈரல் கிடைக்காது, பாலில் ஊறவைத்துச் சமை என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். என் மனைவி வன்னிப் பக்கத்துப் பெண். இறைச்சிகளில் அவளுக்கு மிகவும் பிடித்தது மான்தான். சண்டைக் காலத்தில் என்னைச் சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத அந்த நாட்களில், நான் உயிரோடு திரும்பி வந்தால் இனி மான் இறைச்சி தொடுவதில்லை என்று அவள் முருகனுக்கு நேர்த்தி வைத்தாள். வள்ளியைப் பெற்றது மான்தானே என்று, தனக்கு மிகப் பிடித்ததையே கொடுத்தாள். நான் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து அவள் மான் தொட்டதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஈரலை வாங்கினேன்.

மெல்லிய தோலை உரித்து, ஒடுக்கமான துண்டுகளாக வெட்டி, பாலில் ஊறவைத்துக் கழுவினேன். வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கியதும் இஞ்சி, உள்ளி, எங்கள் கறித்தூள், நிறைய மிளகு. ஈரலைப் போட்டபிறகு அது நெருப்பில் நிற்கவேண்டிய நேரம் மிகக் குறைவு. கூடினால் ரப்பர் போல இழுபடும். இறக்கிவைத்துத் தேசிப்புளி விட்டேன். புட்டோடு மேலே கொண்டுபோனேன்.

"ஆட்டு ஈரல் கிடைச்சதோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

பொய் அவ்வளவு சின்னதாகத்தான் தொடங்கியது. அவள் ஒரு வாய் வைத்தாள், இன்னொரு வாய் வைத்தாள். "போன கிழமையை விட இது நல்ல ஆடு. உந்தக் கடையை விட்டுடாதேங்கோ" என்றாள். அவள் ருசித்துச் சாப்பிட்டாள். அதைப் பார்க்கச் சந்தோசமாகவே இருந்தது. அதன் பிறகு நான் இறைச்சிக் கடைப் பக்கம் போகவில்லை. கிழவருடைய டப்பா தவறாமல் வந்தது.

அவளுடைய முகத்தில் வெளுப்பு குறைந்தது. மாலையில் களைத்துப்போய்ப் படுப்பதும் குறைந்தது. கடைசியில் வைத்தியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "சரியான இம்ப்ரூவ்மென்ட் அன்ரி, ஒப்பரேசனுக்கு டேட் எடுக்கலாம்" என்றார். என் மனைவி தொலைபேசியை வைத்துவிட்டு, "முருகன் கைவிடேல்லை. நாளைக்குக் கோயிலுக்குப் போகவேணும், ஒரு அர்ச்சனை செய்யவேணும்" என்றாள்.

அடுத்த நாள் காரில் கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்குப் போனால் நான் வழக்கமாகக் காரிலேயே இருந்து பத்திரிகை பார்ப்பேன், அவள் போய்க் கும்பிட்டுவிட்டு வருவாள். அன்று அவள் மடியில் அர்ச்சனைச் சாமான் பையை வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, நோகிற காலை முதலில் வெளியே எடுத்து வைத்தாள். மான் போன அந்த வயிற்றோடு அவளை நன்றி சொல்ல உள்ளே அனுப்ப என்னால் முடியவில்லை.

"இஞ்சேரும், கொஞ்சம் பொறும்" என்றேன். சொன்னேன், எல்லாவற்றையும்.

அவள் காலை மெல்ல உள்ளே எடுத்து, கதவைச் சாத்தினாள்.

"எல்லாம் மானோ?"

"முதல்முறை மட்டும் ஆடு."

"அந்த நேர்த்தி ஆருக்கு வைச்சனான் எண்டு தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே செய்தனீங்கள்" என்றாள். அது கேள்வி இல்லை.

"கேட்டிருந்தா நீர் வேண்டாம் எண்டிருப்பீர்."

"ஓம், வேண்டாம் எண்டிருப்பன். அதுக்குத்தானே கேக்கிறது."

இரும்பைப் பற்றி இவ்வளவு பேசினேன். அவளுடைய வாய்க்குள் என்ன போகிறது என்பதை அவளிடம் கேட்கவில்லை. இரத்தம் ஏறியது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்ள அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. ட்ரிப் ஏற்றுவதா, குளிசையை மாற்றிப் பார்ப்பதா, நோவோடு இருப்பதா என்று முடிவு செய்ய அவளுக்கு உரிமை இருந்தது. அதைக் கராஜுக்குள் வைத்து நான் எடுத்துக்கொண்டேன்.

அவள் பையை என் மடியில் வைத்தாள். "நான் இண்டைக்கு உள்ளுக்கு வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ."

"நானோ?"

"மான் சமைச்சது நானோ?"

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கும்பிட்டுப் பழக்கமில்லாத ஆள் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது எனக்கு. ஐயர் தட்டை வாங்கி, பெயர், நட்சத்திரம் கேட்டார். அவளுடைய பெயரைச் சொல்லிவிட்டு நின்றேன். நட்சத்திரம் தெரியவில்லை. பின்னால் வரிசை நின்றது. வெறுங்காலோடு கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன, ஐயர் துரத்திப் போட்டாரோ?"

"உம்மட நட்சத்திரம் என்ன?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்தாள்.

"என்ர இரத்தத்திலை எவ்வளவு இரும்பு எண்டு தெரியும், நட்சத்திரம் தெரியாது. உத்தரட்டாதி. உங்கட பேருக்கும் சேத்துச் செய்யுங்கோ. உங்களுக்குப் பூசம். அதையும் மறந்திட்டு ஓடி வராதேங்கோ."

திரும்பி வரும் வழியில் அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது சொன்னாள்: "முறிஞ்ச நேர்த்திக்குப் பதிலா ஒண்டு வைக்கவேணும். நீங்கள்தான் முறிச்சது. நீங்கள்தான் வைக்கவேணும்."

"என்னத்தை விட?"

"நண்டு."

"நண்டோ? வேறை ஏதாவது..."

"பாகற்காயை விடுறன் எண்டு சொல்லப் போறியளோ? பிடிக்காததை விட்டா அது நேர்த்தியே?"

அன்றோடு நண்டு போனது. நண்டுக்கறி என்றால் எனக்கு எப்படி என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். குளிர்பெட்டியில் கிடந்த மான் ஈரலைக் கிழவரிடம் திருப்பிக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். தானும் அந்தப் பொய்க்கு உடந்தையாகிவிட்டேனே என்று அவர் கவலைப்பட்டார். அடுத்த நாள் தன் மரத்து எலுமிச்சைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து, என்னிடம் அல்ல, அவளிடமே கொடுத்தார்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிக் கராஜுக்கு வந்துவிடுகிறாள். ஈரல் சமைக்கிற நாளில் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, மிளகு கூடிப்போச்சு என்கிறாள். பிள்ளைகள் வருகிற நாளில் நண்டு வேகிறது. நான் பருப்போடு சாப்பிடுகிறேன். மணத்தை மட்டும் நேர்த்தி தடை செய்யவில்லை என்பதால், கொஞ்சம் கிட்ட இருந்தே சாப்பிடுகிறேன்.

ஆடு வருகிற அன்றே கடைக்குப் போய் ஈரல் வாங்கி வந்து, முதலில் அவள் முன்னால் பொட்டலத்தைப் பிரித்து வைக்கிறேன். எந்தக் கடை, எப்போது வெட்டினது என்று எல்லாம் சொல்கிறேன். போன கிழமையும் சொன்னேன்.

"ஆடுதான். சமைக்கலாமோ?"

"ஓம், ஓம். ஆட்டின்ரை பிறப்புச் சான்றிதழும் கொண்டு வந்தனீங்களோ? சமையுங்கோ, பசிக்குது."

சமைத்தேன். அவள் சாப்பிட்டு, கையைக் கழுவி, அந்தக் கையோடு பிளேன்ரீ ஊற்றினாள். எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி நீட்டினாள். நான் தேயிலைப் பாடம் எடுக்காமல் வாங்கிக் குடித்தேன்.