சும்மா போட்டு வைத்த முதல் சாய்ஸ்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அப்பாவி நான். பரீட்சை மகளுக்கு முடிந்தது, எனக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. அவள் வாங்கியது நல்ல கட்ஆஃப். மோசமாக இருந்திருந்தால், கிடைத்ததைப் படி என்று ஒரே வரியில் முடித்திருப்போம். நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைத்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள்.

அவளுக்கு சிவில் இன்ஜினியரிங் படிக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். நகரத்துக்குள் இருக்கும் பழைய அரசுக் கல்லூரி ஒன்றில் அந்தப் பிரிவு கிடைக்கும் அளவுக்கு அவளிடம் மார்க்கும் இருந்தது. விஷயம் இவ்வளவுதான். இதை ஊருக்குச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

"சிவிலா?" என்பார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி அந்த 'லா'வை இழுப்பார்கள். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு நான் வேலைக்குப் போகும் மின்சார ரயிலில், கூட வரும் பெண்கள் கேட்டார்கள். மாடம்பாக்கம் கோயிலில் பிரதோஷத்தன்று பிரசாத வரிசையில் முன்பின் தெரியாத ஓர் அம்மா கேட்டார். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காகூட விடவில்லை.

"இன்னாம்மா, பாப்பா பாஸாமே. இன்னா படிக்கப் போவுது? கம்பூட்டரா?"

"இல்லக்கா, சிவில். கட்டடம் கட்டுறது."

மீனை வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது. "ஐய, வெயில்ல நிக்க வெச்சுடுவாங்கம்மா. என் தங்கச்சி பையன் கம்பூட்டர்தான் படிச்சிக்கினு கீறான். ஏசி ரூமாம், ஜில்லுனு கீதாம். நீ பேசாம அதையே போட்டுடு. பேஜாரு இல்லாத வேலை."

நாளெல்லாம் வெயிலில் மீன் கூடையோடு அலைகிறவர் சொல்வது இது. தலையாட்டிவிட்டு மீனை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஒன்று கவனித்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சிவில் என்றால் மட்டும் காரணம் வேண்டும், அதுவும் பெரிய காரணமாக வேண்டும். என் மகளிடம் அப்படி எதுவும் கிடையாது. முடிச்சூரில் எங்கள் தெரு முனையில் மழைநீர்க் கால்வாய் கட்டியபோது அவள் ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வரும் வழியில் புத்தகப் பையோடு அங்கேயே நின்று, கம்பி கட்டுவதையும் பலகை அடிப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டி முடித்த சுவரை எதற்குத் தினமும் சாக்கு போட்டு நனைக்கிறார்கள் என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் மேஸ்திரியிடமே கேட்டுக்கொண்டு வந்து, சாப்பிடும்போது எனக்கும் அவள் அப்பாவுக்கும் விளக்கினாள். சிமெண்டு இறுகுவதற்கே தண்ணீர் வேண்டும் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதற்குப் பிறகு எங்கே பாலம் கட்டினாலும் பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னல் அவளுக்குத்தான்.

சின்ன வயதில் எங்கள் தெருவே மூழ்கிய வெள்ளத்தைப் பார்த்த பிள்ளை, அதனால்தான் இந்த ஆசை வந்திருக்கும் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் இல்லப்பா. எனக்குப் பிடிச்சிருக்கு, அவ்ளோதான்."

இந்த 'அவ்ளோதான்' என் அண்ணனுக்குப் போதவில்லை. அண்ணனுக்கு மாடம்பாக்கத்தில் வீடு, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. எங்கள் குடும்பத்தின் முதல் இன்ஜினியர். அதனால் படிப்பு சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அவர்தான் நீதிபதி. கெட்டவர் இல்லை, என் மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறார். அந்த உயிரை வைத்துக்கொண்டுதான் அந்தக் கோடை முழுக்க எங்களைப் படுத்தி எடுத்தார். ஆபீஸ் முடிந்ததும் லேப்டாப்போடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்ஆஃபில் முடிந்தது என்று எக்ஸெலில் கலர் கலராக வைத்திருந்தார். அந்த எக்ஸெலைத் திறக்காமல் அவருக்குக் காபி இறங்காது.

"சிவில் படிச்சாலும் நாலு வருஷம் கழிச்சு சாஃப்ட்வேருக்குத்தான் வருவா. என் டீம்லயே ரெண்டு பேர் அப்படி வந்தவங்க. அதுக்கு இப்பவே வந்துடலாம்ல?" என்பார்.

அதே அண்ணன்தான், அடுத்த வாய் காபியில், அவர் ஆபீசில் ஆட்களைக் குறைக்கிறார்கள், அடுத்தது யாரோ என்று தெரியவில்லை என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்புறம் எதுக்குண்ணா இவளையும் அங்க கூப்பிடறே?"

"மத்த இடத்துல அதுகூட இல்லம்மா" என்றார். களைத்துப்போய்த்தான் சொன்னார். அவரோடு சண்டை போடக்கூட முடியவில்லை.

நடுவில் ஒருநாள் நான் அரை நாள் லீவு போட்டேன். மகள் தாம்பரத்தில் ரயிலேறி கிண்டிக்கு வந்தாள். இருவருமாக அந்தப் பழைய கல்லூரியைப் பார்க்கப் போனோம். விடுமுறை, ஆளில்லை. சிவில் துறைக்குப் பின்னால், சோதனைக்காக நசுக்கி உடைத்த கான்கிரீட் கட்டிகளை ஒரு மரத்தடியில் அடுக்கி, உட்கார இடம் செய்திருந்தார்கள். அவள் அதில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு கட்டியிலும் விரிசல் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தாள். போகலாமா என்று நான் பலமுறை கேட்ட பிறகுதான் எழுந்தாள். திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை, அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

கவுன்சலிங் இப்போது ஆன்லைனில்தான். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு வேண்டும் என்று நம் விருப்பப்படி மேலிருந்து கீழாக நாமே அடுக்க வேண்டும். முதலில் போட்டது நம் ரேங்குக்குக் கிடைக்காவிட்டால் அடுத்தது, அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்தது. மகள் அடுக்கியதில் சிவில்தான் முதலில் இருந்தது. அண்ணன் பார்த்தார், அன்றைக்கு இட்லி ஆறும்வரை பேசினார். என் கணவர், "உங்க அண்ணன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல" என்றார். அவருக்கு எல்லோர் சொல்வதிலும் ஒரு நியாயம் தெரியும். மறுநாளும் அதே பேச்சு, அதற்கு மறுநாளும். பேசிப் பேசி எல்லோருக்கும் குரல் கட்டிப்போன ஒரு சாயங்காலம், மகள் தானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸை முதல் சாய்ஸாக வைத்தாள். பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காரும் கல்லூரி அது. சிவில் இரண்டாவதாக இறங்கியது. அண்ணன் அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அவருடைய பைக் சத்தம் போனதும் அவள் சமையலறைக்கு வந்தாள்.

"சும்மா போட்டு வெச்சிருக்கேம்மா. அது எனக்கு வராது. போன வருஷம் என் கட்ஆஃபைவிட மேலயே முடிஞ்சிடுச்சு, மாமா எக்ஸெல்லயே இருக்கு. வரலன்னா, போட்டேன், கிடைக்கலன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் கோவம் வராது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினேழு வயதில் இவ்வளவு சாமர்த்தியமா என்று பெருமையாகக்கூட இருந்தது. ரயிலில் கேட்பவர்களுக்கும் மீன்கார அக்காவுக்கும் சொல்ல எனக்கும் ஒரு பதில் கிடைத்துவிட்டது. முதல்ல கம்ப்யூட்டர்தான் போட்டிருக்கோம் என்றேன். எல்லோரும் அதான் சரி என்றார்கள், அதோடு விட்டார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் நிம்மதியாக இருந்தேன்.

அவள் கணக்குப்படியே சிவில்தான் வந்தது. அவள் குதிக்கவில்லை, கத்தவில்லை. திரையில் தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரியின் பெயரை இரண்டு முறை படித்தாள். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கிடைத்ததை உறுதி செய்யும்போது ஒரு கேள்வி வரும். இதுவே போதுமா, அல்லது நீங்கள் இதற்கு மேலே போட்டிருப்பதில் இடம் காலியானால் அங்கே போகிறீர்களா. இரண்டாவதற்கு எல்லோரும் 'அப்வர்ட்' என்பார்கள். மேலே இடம் கிடைத்துவிட்டால் கையில் இருப்பது தானாகப் போய்விடும்.

அன்று சனிக்கிழமை. அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார்.

"அப்வர்ட்தான் போடணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். "இதுவே நல்ல காலேஜ்தானேண்ணா. இருக்கட்டுமே."

"அப்ப எதுக்கு அதை ஃபர்ஸ்ட்ல போட்டீங்க?"

நியாயமான கேள்வி. அதற்கான பதில் எனக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும், அதை அண்ணன் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. மகள் என்னைப் பார்த்தாள். பிறகு, "பரவால்லம்மா, போட்டுடலாம். வராது" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, அவளே அழுத்தினாள்.

அடுத்த வாரம் அந்த முதல் சாய்ஸே வந்துவிட்டது. மேலே இருந்தவர்கள் வேறு எங்கெங்கோ போனார்களாம், இடங்கள் காலியானதாம், எல்லோரும் ஒருபடி நகர்ந்தார்களாம். அண்ணன்தான் விளக்கினார். போன் மேல் போன் போட்டார். மதியத்துக்குள் அண்ணி வந்தாள், கணவரின் தம்பி குடும்பத்தோடு வந்தார், பிரியாணி வந்தது, ஸ்வீட் பெட்டிகள் வந்தன. நான் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த சிவிலைத் திரும்ப வாங்க முடியாதா என்று கேட்டேன். பைத்தியமா நீ என்பது போலப் பார்த்தார்.

"அது இந்நேரம் வேற யாருக்கோ போயிருக்கும். ஆமா, இதை விட்டுட்டு யாராவது அதைக் கேப்பாங்களா?"

மகள் ஸ்வீட் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடி வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். போனில் கேட்டவர்களிடம், "ஆமா, ரொம்ப ஹேப்பி" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒன்றும் தெரியவில்லை. மனதைத் தேற்றிக்கொண்டாள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் அலுத்துவிட்டிருந்தது. எப்படியோ முடிந்தால் போதும் என்று இருந்தது.

இப்போது மூன்றாம் வருடம். தினமும் காலையில் வண்டலூரில் காலேஜ் பஸ் ஏறுகிறாள். நல்ல மார்க், நல்ல பெயர். எப்படிப் போகிறது என்று தெருவில் யாராவது கேட்டால், "போகுது ஆன்ட்டி" என்கிறாள். குறை சொல்ல ஒன்றுமே இல்லை, அதுதான் எனக்கு ஆயாசமாக இருக்கிறது. குறை என்று ஒன்று இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழலாம். வீட்டு விசேஷங்களில் இந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் அண்ணன், "அவளேதான் அழுத்தினா, நாங்க யாரும் கையைப் பிடிக்கல" என்று முடிப்பார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எனக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடத் தோன்றும்.

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடி வீட்டு அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அந்தப் பெண் இந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். எந்த சாய்ஸை எங்கே போடுவது என்று என் மகளிடம் கேட்க வந்திருந்தார்கள். நான் ஹாலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு பயோடெக்தான் வேணும்க்கா. அம்மா ஃபர்ஸ்ட்ல கம்ப்யூட்டர் போடச் சொல்றாங்க."

"சும்மா போட்டு வைடின்னுதான் சொன்னேன்" என்றார் அவள் அம்மா. "கிடைக்கவா போகுது? கிடைச்சா லாபம்தானே."

என் மகள் லேப்டாப்பை மூடி வைத்தாள்.

"கிடைச்சா அழமாட்டேன்னு நிச்சயமா தெரிஞ்சதை மட்டும் போடு. மத்தது எதையும் உள்ளயே சேர்க்காத."

அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நீங்க அழுதீங்களாக்கா?"

"ம்" என்றாள். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஆனா யாருக்கும் தெரியாது. அன்னைக்கு வீடு நிறைய ஆளுங்க."

மாடி வீட்டு அம்மா என் பக்கம் திரும்பினார். நான் பீன்ஸிலிருந்து நிமிரவில்லை. அந்த ஆளுங்களில் நானும் ஒருத்தி.