டொக்டர் காசு வேண்டாம் என்றால்

குருநகர்ப் பெண்களுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது என்று ஒரு பேச்சு உண்டு. சந்தையில் நாங்கள் மீன் விற்கிறபோது எங்கள் வாயைக் கேட்டவர்கள் கட்டிவிட்ட கதை அது. தொண்ணூறாம் ஆண்டு, எங்களோடு மீன் விற்ற ஸ்ரெல்லா பயந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு மனிசி அப்படிப் பயந்ததைப் பிறகு ஒரேயொரு முறைதான் கண்டேன். அதுவும் அவளேதான்.

யாழ்ப்பாணக் கோட்டையில் சண்டை தொடங்கியதும் நாங்கள் குருநகரை விட்டுக் கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வந்து குந்திக்கொண்டோம். பெரியாஸ்பத்திரியும் இயங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே, மதிலும் பெரிய படலையுமாக இருந்த வீடு டொக்டர் பரமலிங்கத்தினுடையது. அரசாங்க வேலையிலிருந்து இளைப்பாறி, வீட்டு முன்னறையில் வைத்தியம் பார்த்தார். மச்சம் தொடாத சைவக்காரர். மீன் வாடை அடிக்கிற எங்களை முகம் சுளிக்காமல் தொட்டுப் பார்த்தார். காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் அளவாகத்தான் காசு வாங்குவார்.

ஷெல் பட்ட சிமியோனைத் தூக்கிக்கொண்டு போனபோது மட்டும் "காசு வேண்டாம்" என்றார். சிமியோன் அன்று பின்னேரமே செத்துப்போனார். பிறகு லியோனுக்கு வெடி பட்டது. அவனுடைய தாயிடமும் டொக்டர் காசு வாங்கவில்லை. லியோனும் தப்பவில்லை. எங்கள் சனத்துக்கு இது போதாதா? சாகப்போகிற ஆளிடம் காசு வாங்குவது பாவம் என்று டொக்டர் நினைக்கிறார், அதனால்தான் வேண்டாம் என்கிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தீர்ப்பு எழுதியாயிற்று. அதன் பிறகு மருந்துக்குப் போய்வருகிற ஒருவரிடமும் என்ன வருத்தம் என்று கேட்கமாட்டோம். "காசு வாங்கினவரோ?" என்றுதான் கேட்போம். சிசிலியா மாமி இருமலுக்குப் போய், மிச்சக் காசையும் வாங்காமல் ஓடிவந்து, "எல்லாத்தையும் எடுத்திட்டார்" என்று சந்தோசத்தில் அழுதார்.

ஸ்ரெல்லாவின் புருசன் கனிசியஸ் சொல்வழி கேளாதவன். கரையில் விட்டுவிட்டு வந்த வலையை நினைத்து நித்திரை கொள்ளமாட்டான். ஒருநாள் காலையில் அதை எடுக்கப் போனவனை மேலே பறந்த ஹெலி சுட்டது. விலாவில் இரத்தம் ஓட ஓட, சைக்கிளில் இருத்திப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். டொக்டர் அவனை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினார். மயக்க மருந்து போதாது. அவன் கத்தியது பள்ளிக்கூடம் வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றது. அப்போதுதான் நாங்கள் சிலுவை போட்டுக்கொண்டோம்.

டொக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஸ்ரெல்லா சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்து நீட்டினாள்.

"வேண்டாம் பிள்ளை. வைச்சிரு."

அவளுடைய முகத்தில் இரத்தம் இல்லை. "இல்லை ஐயா. நீங்கள் வாங்கத்தான் வேணும்."

"வேண்டாம் எண்டு சொல்லுறன்."

"பாதியையாவது எடுங்கோ ஐயா. உங்களைக் கும்பிடுறன்."

அவள் மேசையில் வைத்தாள், அவர் திருப்பிக் கொடுத்தார். அவருடைய சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தாள். "ஏன் பிள்ளை கரைச்சல் தாறாய்? போய் அவனுக்குப் பக்கத்திலை ஆறுதலா இரு" என்று அவர் கையைத் தட்டிவிட்டார். ஆறுதலா இரு என்றதோடு அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். "சுவாமியாரைக் கூப்பிடுங்கோ" என்று என்னிடம் சொன்னாள். ஓடினேன்.

சுவாமியார் வந்து, சாகிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தைப் பூசுதலுக்கு எண்ணெயை எடுத்தபோது கனிசியஸ் கண் திறந்தான். தலைமாட்டில் சுவாமியார், கால்மாட்டில் ஒப்பாரி. வெடி செய்யாத வேலையை அந்தக் காட்சி செய்திருக்கும். "எனக்கு என்னடி நடந்தது?" என்று அலறினான்.

சத்தம் கேட்டு வந்த டொக்டருக்குக் கோபம். "தப்பின ஆளுக்கு எதுக்கு இது?" என்று கேட்டார். ஸ்ரெல்லா விக்கி விக்கிக் காரணத்தைச் சொன்னாள். அவர் உடனே முகாம் தலைவர் அடைக்கலநாதனைக் கூப்பிட்டார். வெடிபட்டு வருகிற எங்கள் ஆட்களுக்காக, வெளிநாட்டிலிருந்து வந்த காசில் டொக்டருக்குக் கொடுப்பது அடைக்கலநாதன்தானாம்.

"இதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று நான் கேட்டேன்.

"சொன்னால் நீங்கள் இருமலையும் காயம் எண்டு சொல்லுவியள்" என்றார் அந்த அடைக்கலநாதன்.

டொக்டர் கதிரையில் இருந்துவிட்டார். "அப்ப நான் வேண்டாம் எண்ட நேரமெல்லாம் இதுகள் இப்பிடியே நினைச்சதுகள்?" என்று தனக்குள் கேட்டார். அன்று முதல் வெடிபட்டு வருகிறவர்களிடமும் ஒரு ரூபாய் வாங்கினார். ஆள் தப்பும் என்றாலும் வாங்கினார், தப்பாது என்றாலும் வாங்கினார். அந்த ஒரு ரூபாயைக் கொடுத்துவிட்டு எத்தனையோ பெண்கள் நிம்மதியாகக் காத்திருந்ததை நான் கண்டேன். அதில் சிலர் பிறகு அழுததையும் கண்டேன்.

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறதென்று வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, டொக்டர் தனியாக நின்றார். கனிசியஸ் அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளினான். மழை, சேறு, நெரிசல். விடிந்த பிறகுதான் கைதடிக்கு வந்தோம். அங்கே டொக்டர் நெஞ்சைப் பிடித்தார். ஒரு மரத்தின் கீழ் அவரைச் சாய்த்து வைத்தோம். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் மடியைத் தடவிக் காசை எடுத்துக் கனிசியஸிடம் நீட்டினார். "இவ்வளவு தூரம் தள்ளினனீ. பிடி."

"உங்களிட்டையோ ஐயா? காசு வேண்டாம்" என்றான் கனிசியஸ்.

நீட்டிய கை அப்படியே நின்றது. டொக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ சாவைப் பார்த்த மனிதர், அப்போது ஒரு குழந்தைபோலப் பயந்தார்.

ஸ்ரெல்லா புருசனை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "உவர் விசர்க்கதை கதைக்கிறார் ஐயா. கூலி இல்லாமல் ஆர் தள்ளுறது? ஒரு ரூபா தாங்கோ."

அவர் ஒரு ரூபாய் நாணயக்குற்றியைத் தேடி எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார். அந்த ஒரு ரூபாய் எதற்கென்று அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் "அப்ப சரி பிள்ளை" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்ரெல்லா குற்றியை இறுக்கிப் பொத்திக்கொண்டு அவர் பக்கத்தில் இருந்தாள். "காசு வாங்கிட்டன்தானே?" என்று திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டாள்.

"ஓம், வாங்கிட்டாய்" என்றேன்.