முற்றத்துக்கு ஒரு மூடி

வாழ்க்கையில் நான் பார்த்த முதல் உத்தியோகம், வாசலில் நின்று இருமுவது. அதிலும் நான் தேறவில்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி. நீளம் உண்டு, அகலம் கிடையாது. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். வெளிச்சம், காற்று, காக்காய் எல்லாம் நடு முற்றம் வழியாகத்தான் வரவேண்டும். தனி அறை இருந்தால் எனக்குக் கணக்கு வரும் என்று அப்பாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். முற்றத்தை மூடிக் கான்கிரீட் போடுவதென்று முடிவாயிற்று.

துறையூர் மாமா மட்டும் தடுத்தார். "மாப்பிள்ளை, நடுவுல வானம் தெரியணும்னு ரூல் இருக்குங்க. பிளான் கொடுத்தா பாஸ் பண்ண மாட்டாங்க."

"எங்க வீட்டு ஆகாசத்துக்கு இன்னொருத்தன்கிட்ட எதுக்குங்க பர்மிஷன்?" என்றார் அப்பா. பிளானே கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. முனிசிபாலிடி ஆள் தென்பட்டால் இருமவேண்டும் என்று என்னை வாசலில் நிறுத்தினார்கள். நான் பால்காரருக்கு இருமினேன், கோயில் யானைக்கு இருமினேன். ஒவ்வொரு தடவையும் கொத்தனார்கள் சட்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினார்கள். வரவேண்டியவர் கடைசிவரை வரவில்லை. கான்கிரீட் இறுகியது.

பிறகு இருமியது அம்மா. முற்றம் வழியாக மேலே போய்க்கொண்டிருந்த விறகடுப்புப் புகை, போக்கிடம் இல்லாமல் எங்களோடு குடித்தனம் பண்ணத் தொடங்கியது. நான் பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு படித்துக் கணக்கில் பெயிலானேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "வீட்ல காத்து வருதாம்மா?" என்று டாக்டர் கேட்டபோது அப்பா தரையைப் பார்த்தார்.

இடித்துவிடலாம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் விடவில்லை. பொதுச்சுவர்மேல் அதற்குள் அவரும் ஒரு மாடி எழுப்பியிருந்தார், அவரும் யாரையும் கேட்காமல். "உங்க கான்கிரீட்டை அசைச்சா என் மாடி விழும் சார். கோர்ட்டுக்குப் போவேன்."

சர்க்கார் உத்தரவு ஒன்றுதான் வழி. அப்பா முனிசிபாலிடிக்குப் போய்த் தன்மேல் தானே புகார் சொல்லி, ஓவர்சியரைக் கையோடு கூட்டிவந்தார். "ரூல்படி இடிக்கச் சொல்லி ஆர்டர் போடுங்க சார்" என்று கும்பிட்டார். அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். பழக்கதோஷத்தில் வாசலில் நின்று இருமினேன். உள்ளே அம்மாவும் இருமினாள். அதில் ஒரு இருமல் அடுத்த ஆடிக்குள் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியவில்லை.

ஓவர்சியர் அண்ணாந்து பார்த்தார். குடைக் காம்பால் தட்டிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க சார், ஃபைன் கட்டிட்டா போதும். இவ்வளவு நல்ல ரூமை யாராவது இடிப்பாங்களா?"