மணிச் சின்னமும் மன்னார்க் கழுதைகளும்

மன்னாருக்கென்று தனியாக ஒரு நாடாளுமன்ற ஆசனம் இருந்த காலம் ஒன்று உண்டு. தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து பெரியமடு வயல்வெளி வரைக்கும் ஒரே தொகுதி, ஒரே உறுப்பினர். பிறகு அதை வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் கரைத்துவிட்டார்கள். அந்தத் தொகுதியின் வரலாற்றை அறிஞர் எவராவது எழுதினால் வென்றவர்களுக்கு அத்தியாயங்கள் கிடைக்கும். எங்கள் குடும்பத்துக்குக் கடைசி வரி கிடைக்கலாம். கடைசித் தேர்தலில் கடைசி இடம் பிடித்தவர் என் சின்ன மாமா.

அவர் அம்மாவின் தம்பி. பட்டினத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். சந்திக்குச் சந்தி நடந்த கூட்டங்களைக் கேட்டுவிட்டு, "இதை நானும் பேசுவன்" என்று ஒருநாள் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. அப்படித்தான் சுயேச்சை வேட்பாளர் ஆனார். சின்னம் மணி.

"டேய், உனக்கு ஆரடா வோட்டுப் போடுவினம்?" என்று அம்மா கேட்டார்.

"ஏன் அக்கா, நீ போடுவாய்தானே?"

"யோசிச்சுச் சொல்லுறன்."

எங்கள் வீட்டில் அவர் வெல்வார் என்று நம்பியவர்கள் இரண்டு பேர். ஒன்று, மூன்றாம் வகுப்புப் படித்த சிறுமியான நான். மற்றது மாமா.

மற்ற வேட்பாளர்களிடம் ஒலிபெருக்கி பூட்டிய கார்கள் இருந்தன. மாமாவிடம் கழுதைகள் இருந்தன. அவருடைய கழுதைகள் என்றில்லை. மன்னார்ப் பட்டினத்துக் கழுதைகளுக்கு எப்போதுமே சொந்தக்காரர் கிடையாது. காலையில் பஸ் நிலையம், மத்தியானம் சந்தை, பின்னேரம் கடற்கரை என்று ஒரு வேட்பாளர் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் அவை தாமாகவே போய்வந்தன. மாமா வெறும் தகரப் பால் பேணிகளைக் கவிழ்த்து, உள்ளே பேணிக்கொரு ஆணியைத் தொங்கவிட்டு மணி செய்தார். கழுத்தில் கட்டுவது என் பொறுப்பு. நான் குட்டையாக இருந்ததால் குனியத் தேவைப்படவில்லை. பொது வாழ்வில் என் உயரத்தால் விளைந்த நன்மை அது ஒன்றுதான்.

இரண்டு கிழமை ஊரே கிணுகிணுத்தது. சனம் சிரித்தது. சிரிப்பவர்கள் எல்லாரும் வாக்குப் போடுவார்கள் என்று நான் கணக்குப் போட்டேன். நகைச்சுவை எழுதிப் பிழைக்கும் இந்த வயதிலும் அந்தக் கணக்கை நான் முழுதாகக் கைவிடவில்லை.

வாக்களிப்புக்கு முன்பே பிரசாரம் ஓயவேண்டும் என்பது சட்டம். மாமா சட்டத்துக்கு மரியாதை கொடுப்பவர். தன் சுவரொட்டிகளைத் தானே சுரண்டி எடுத்தார், கடைக்கு முன்னால் தொங்கிய பெரிய மணியைச் சாக்கால் மூடினார். கழுதைகளை மறந்துபோனார்.

எங்கள் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. இடைவேளையில் பிள்ளைகளுக்குப் பணிஸ் என்கிற இனிப்பு ரொட்டி கொடுப்பார்கள். பாதி பணிஸ் வேலிக்கு வெளியே நிற்கும் கழுதைகளுக்குப் போகும். அன்றைக்குப் பள்ளி விடுமுறை என்று கழுதைகளுக்கு யார் சொல்வது? நேரம் தவறாமல் வந்தன. திறந்து கிடந்த கேற்றுக்குள்ளால் நுழைந்து, வாக்காளர் வரிசைக்குப் பக்கத்தில், மணிச் சின்னத்தை ஆட்டி ஆட்டி நின்றன.

"ஐயா, இது பிரசாரம்! அப்பட்டமான பிரசாரம்!" என்று எதிர்க்கட்சி முகவர் குதித்தார். அவர் எங்கள் தெருப் பலசரக்குக் கடைக்காரர்.

வாக்குச்சாவடிப் பொறுப்பதிகாரி யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த கண்ணாடிக்காரர். என்னோடு வேலியோரம் நின்ற மாமாவைக் கூப்பிட்டார். "உந்தக் கழுதையள் ஆற்றை?"

"ஒருத்தற்றையும் இல்லை ஐயா."

"மணி?"

"மணி என்ரை ஐயா. கழுதை மன்னாருக்குப் பொது."

வரிசை முழுவதும் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "இப்ப உந்தச் சத்தம் நிக்கவேணும். இல்லையெண்டால் உம்மைப் பொலிசிலை குடுத்துப்போட்டு மேலிடத்துக்கு அறிவிப்பன்."

மாமாவும் கூட்டாளிகளும் துரத்தினார்கள். துரத்தத் துரத்த மணி இன்னும் பலமாக அடித்தது. ஒருவர் கழுதையிடம் உதை வாங்கி மணலில் இருந்தார். பொலிஸ்காரர் இடுப்புப் பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு மாமாவை நோக்கி நடந்தார். ஓடினேன். பேக்கரியில் மாமாவின் பெயரைச் சொல்லி ஒரு பை பணிஸை வாங்கிக்கொண்டு வந்து, கேற்றில் நின்று ஒன்றைத் தூக்கிக் காட்டினேன்.

அத்தனை தலைகளும் திரும்பின. நான் நடந்தேன், அவை வந்தன. பள்ளியிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து பஸ் நிலையம், அங்கிருந்து கோட்டைப் பக்கம். சோளகக் காற்றில் மண் பறக்க, முன்னால் நான், பின்னால் மணி மணியாக முழங்கிக்கொண்டு ஊர்க் கழுதைகள் எல்லாம்! வாக்களிக்கப் போனவர்களும் வந்தவர்களும் தெருவின் இரண்டு கரையிலும் நின்று கைதட்டினார்கள். ஒரு பொலிஸ்காரர் லொறியை மறித்து எங்களுக்கு வழிவிட்டார். மாமாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அந்தத் தேர்தலின் ஆகப் பெரிய சட்டவிரோத ஊர்வலத்தை நான் நடத்தி முடித்தேன்.

மாமாவைப் பொலிஸ் பிடிக்கவில்லை. சனத்துக்கும் பிடிக்கவில்லை என்பது அடுத்த நாள் தெரிந்தது. வாக்கு எண்ணிய அரசாங்கக் கச்சேரியிலிருந்து முடிவோடு வந்தவர் முகம் கழுவினார், வெளுத்த சேட்டைப் போட்டார். "வாடி, நன்றி சொல்லிப்போட்டு வருவம்" என்று என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றினார். தோற்றவரும் வீடு வீடாகப் போகவேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவரே அங்கத்தவர்.

போன வீடெல்லாம் ஒரே பேச்சு. "தம்பி, எங்கட வீட்டு வோட்டு முழுக்க உனக்குத்தான்." "வாப்பா கூட உங்களுக்குத்தான் போட்டவர்." பலசரக்குக் கடைக்காரர் கதிரையைத் துடைத்துப் போட்டு, "முகவர் வேலை வேறை, வோட்டு வேறை. நான் மணிக்குத்தான் போட்டனான்" என்றார். வங்காலையில் ஒரு அன்ரி, "மடு மாதா அறிய..." என்று தொடங்கியவர், மாதாவை இடைவழியில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனார். எல்லா வீட்டிலும் மாமா தேத்தண்ணி குடித்தார், எல்லாரிடமும் கை கூப்பினார்.

திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எல்லாரும் உங்களுக்குத்தானே போட்டவை மாமா! ஆரோ களவெடுத்திட்டாங்கள்!"

"களவொண்டும் இல்லையடி."

"அப்ப அவையள் பொய் சொல்லுகினமோ?"

"ஓம்."

"பிறகேன் சிரிக்கிறீங்கள்?"

மாமா எதிர்க்காற்றில் எழும்பி நின்று மிதித்தார். வென்றவரின் முகம்கூட அன்றைக்கு அவ்வளவு மலர்ந்திருக்குமோ தெரியாது. ஒருவனை நோகடிக்க மனமில்லாமல் ஒரு தொகுதியே சிரமப்பட்டுப் பொய் சொல்லும் என்பது அந்த வயதில் எனக்குப் பிடிபடவில்லை. இப்போது வன்னியில் தோற்பவர் மன்னாரிலிருந்து முல்லைத்தீவு வரை நன்றி சொல்லக் கிளம்பினால் அடுத்த தேர்தல் வந்துவிடும். நேருக்கு நேர் பொய் சொல்லிக் கதிரை போட அவருக்கு யார் இருக்கிறார்கள்?

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கச்சேரிக்குப் போய் எல்லாவற்றையும் திரும்ப எண்ணச் சொல்லவேணும் என்று வீடு வரும்வரை அடம்பிடித்தேன்.