ஒரே கையெழுத்தில் இரண்டு பெயர்கள்

போர்மேன் என் மேசையில் வைத்த இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களிலும் ஒரே கையெழுத்தில் பெயர் எழுதியிருந்தது. ஒன்று அவருடைய பெயர். மற்றது அவர் மனைவியின் தம்பி பெயர். அதே பிரிவில் லேத் ஓட்டியவர். கையெழுத்தை நான் கவனித்தேன். கவனித்தும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸாக இருந்தேன். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய எல்லோருக்கும், உடம்பில் குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மலப் பரிசோதனை செய்வதென்று கம்பெனி டாக்டர் முடிவெடுத்தார். குடலில் புற்று வளரத் தொடங்கும்போது பெரும்பாலும் வலி தெரியாது, கண்ணுக்குப் புலப்படாத ரத்தம்தான் காட்டிக்கொடுக்கும், அப்போதே பிடித்தால் ஆளைக் காப்பாற்றிவிடலாம் என்பார். ஆட்களுக்கோ அது சிரிப்பாக இருந்தது. டப்பாவைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனார்கள். சிலர் கம்பெனி பஸ் ஜன்னல் வழியாகவே எறிந்தார்கள். தன் பிரிவில் ஒரு பெயர்கூட விடுபடக் கூடாதென்று போர்மேன் மட்டும் ஆள் ஆளாய்ப் பிடித்து வற்புறுத்தினார். மைத்துனர்தான் கடைசிவரை மசியவில்லை.

முடிவு வந்தபோது இரண்டு டப்பாக்களிலும் ரத்தம் இருந்தது. இருவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். மைத்துனர் சிரித்துவிட்டார்.

"ரெண்டுமே மாமாவோடதுங்க சிஸ்டர். நான் தரமாட்டன்னு சொன்னன், அவரே குடுத்துட்டாரு. எனக்கு ஒண்ணுமில்ல, உடுங்க."

போர்மேன் தலை நிமிரவில்லை. "டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர். இத்தன வருசம் சம்பாதிச்ச பேரு போயிடும்."

இரண்டாவது மாதிரி கெட்டுவிட்டது என்று மட்டும் டாக்டரிடம் சொன்னேன். மைத்துனரிடம் புது டப்பா கொடுத்தேன். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார். வரவில்லை. ஒருமுறை கேன்டீனில் வைத்துக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்க, அவர் முகம் சுருங்கிப்போனது. பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

பெங்களூரில் போர்மேனின் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். புற்றுதான், ஆனால் சிறியது. அறுத்தெடுத்தார்கள். மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். அவரைப் பார்த்த பிறகு, சிரித்தவர்களே டப்பா கேட்டு வந்தார்கள். டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை ஷிஃப்டில் மைத்துனர் லேத்துக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். முதலுதவி அறைக்குத் தூக்கி வந்தார்கள். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன்; சிவப்பே இல்லை. எவ்வளவு நாளாக மலத்தில் ரத்தம் போகிறது என்று கேட்டேன்.

"மூணு வருசமா போவுதுங்க. மூலம்னு நெனச்சு நாட்டு மருந்து சாப்டுட்டிருந்தன். இத போயி உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

மூன்று வருடம். அப்படியானால் நாங்கள் டப்பா கொடுத்தபோதே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது புற்று கல்லீரல்வரை பரவியிருந்தது. ஏழு மாதம் இருந்தார்.

கடைசி வாரத்தில் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். தம்பியின் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்த போர்மேனின் மனைவி, நான் நிற்பதையும் பொருட்படுத்தாமல் கணவரிடம் சொன்னார்: "உங்களுத ரெண்டு வாட்டி பாத்தாங்க. அவனுத ஒரு வாட்டிகூட பாக்கலியே."

போர்மேன் எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

அவர் இப்போது போச்சம்பள்ளிப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். அவ்வப்போது பெங்களூருக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டு, திரும்பியதும் எனக்குப் போன் செய்வார். போன மாதமும் செய்தார். "சுத்தமா இருக்குன்னுட்டாங்க சிஸ்டர்" என்றார், கெட்ட செய்தி சொல்கிற குரலில். வீட்டில் அக்காவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அவ கேக்க மாட்டா. நானும் சொல்றதில்ல."

அந்த அம்மா அன்று கேட்டது கணவரைத்தான். அந்த இரண்டு டப்பா விஷயம் அப்போதே எனக்கும் தெரியும் என்பது அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. டாக்டர் இறந்து பல வருடமாகிறது. அவரிடமும் நான் சொல்லவில்லை.