வெள்ளைக் கம்பளிப் பூ

எழுபதுகளின் தொடக்கத்தில் மொன்றியலில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரு சீனப் பெண் இருந்தாள். எங்கள் இருவருக்குமே பிரெஞ்சு வராது, ஆங்கிலத்தில் ஏதோ ஒப்பேற்றுவோம். பனிக்காலத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து பூட்ஸ் போடும்போதுதான் அவளிடம் அவள் மொழியான கான்டனீஸ் கற்றேன். கோட்டு, காலுறை, பூட்ஸ் போட்டுக்கொள்வதற்கு ‘ஜொக்’ என்பாள். தொப்பி, கையுறை, கண்ணாடிக்கெல்லாம் ‘டாய்’. நான் மாற்றிச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் மட்டும் சும்மா விடுவேனா? புடவை கட்டுவோம், ரவிக்கை போடுவோம், பொட்டு வைப்போம் என்று சொல்லவைத்து அவளைப் பாடாய்ப் படுத்துவேன்.

தலையில் பூவும் வைப்போம் என்று ஒருநாள் கொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அதற்கும் ‘டாய்’தான் என்றாள். ஆனால் இந்த ஊரில் மல்லிகைக்கு எங்கே போவது? ஜான்-டலோன் சந்தையில் என் கணவர் வாங்கித் தந்த கார்னேஷன் கொண்டையில் நிற்கவே நிற்காது. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது முழம் முழமாக வாங்கித் தருகிறேன் என்பார்.

அந்த லீவு வரவில்லை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த கல்லூரிக்கு வகுப்பெடுக்கக் கிளம்பிப் போனவர், ஒரு பிப்ரவரி காலையில் வழியிலேயே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள்.

தகனத்தன்று வீடு நிறையத் தமிழ்க் குடும்பங்கள். அவரோடு வேலை பார்த்தவரின் மனைவி, என்னைவிட மூத்தவர், என் பொட்டை அழித்தார், வளையல்களைக் கழற்றினார். எனக்கு அழுகைகூட வரவில்லை. அப்போது எதிர் ஃப்ளாட்காரி உள்ளே வந்தாள். வெள்ளைக் கம்பளி நூலில் தானே பின்னிய ஒரு சின்னப் பூவை என் காதோரம் ஹேர்பின்னால் செருகினாள். அவர்கள் ஊரில் புருஷனைப் பறிகொடுத்தவள் துக்கத்துக்கு அப்படித்தான் பூ வைத்துக்கொள்வாளாம். அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, “டாய்” என்றாள்.

பொட்டை அழித்த அக்கா உடனே பூவை நோக்கிக் கையை நீட்டினார்.

“பாவம், விவரம் தெரியாம வெச்சுட்டா. நான் எடுத்துடறேம்மா.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்ததையெல்லாம் எடுத்தாயிற்று, இன்னுமா? நீண்ட கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இருக்கட்டும் அக்கா. இது அவருக்காக வெச்ச பூ.”

அதற்குப் பிறகுதான் அழுதேன். அவரை வழியனுப்பும்போதும் அந்தப் பூவோடுதான் நின்றேன். மொன்றியலில் என் தலையில் நின்ற ஒரே பூ அதுதான்.