ஒருத்தனுக்கு மூணு சீட்டு

கம்ப்யூட்டர் குட்டி போடும் என்று நான் நம்பினேன். சத்தியமாக. எண்பதுகளின் கடைசியில், சென்னைக் கல்லூரியில் வாத்தியார் கரும்பலகையில் 'பெற்றோர்', 'பிள்ளை', 'தலைமுறை' என்று எழுதியபோது, பூட்டிய ஏ.சி. அறையில் இருந்த ஒற்றை மெஷினுக்குள் பிரசவம் நடக்கப்போகிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தவன் நான்.

விஷயம் அவ்வளவு பெரிதல்ல. ஒரு கேள்விக்கு எட்டு விடைகளைக் குருட்டாம்போக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மார்க்கு. அதிகம் வாங்கியதற்கு அதிகச் சீட்டு. தேறாததற்குச் சீட்டே இல்லை. குலுக்கி எடுத்த இரண்டை நடுவில் வெட்டி, இதன் தலையை அதன் வாலோடு ஒட்டினால் பிள்ளை. எப்போதாவது ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றிவிட வேண்டும். பழைய எட்டு போய்ப் புதிய எட்டு வரும். தீபாவளி லீவில் கையாலேயே நாலு தலைமுறை போட்டு வரச் சொன்னார் வாத்தியார்.

பசியாவரத்துக்கு அந்தப் பக்கம், ஏரிக்குள் ஒரு சின்னக் குப்பம் எங்களுடையது. அந்த ஐப்பசியில் வானம் ஒரு வாரமாகக் கறுத்தே கிடந்தது. ஒரு சொட்டு விழவில்லை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மண் மூடியிருந்தது. தண்ணீர் நாறத் தொடங்கியிருந்தது. இறால் இல்லை. ஆண்கள் பேசுவதையே குறைத்திருந்தார்கள். இன்னும் இரண்டு நாளில் பாடு போட வேண்டும். பாடு என்றால், ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்குவது. பங்காளி ஒருவருக்கு ஒரு சீட்டு. கெட்டிக்காரனுக்கும் ஒன்று, சோம்பேறிக்கும் ஒன்று. சீட்டு இல்லாதவன் ஏரியில் வலை இறக்க முடியாது.

இந்த நேரம் பார்த்துத்தான் நான் கவிழ்த்துப் போட்ட படகின்மேல் நோட்டோடு உட்கார்ந்தேன். சுழியும் ஒன்றுமாக எட்டு வரிகள். வலையை எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்தக் காற்றில் கட்டுவது என்பதற்கு வரிக்கு ஒரு யோசனை. அடையாளம் தெரிய வேண்டுமே என்று, குறும்புக்கு, என் நைனா, சித்தப்பா உட்பட எட்டுப் பங்காளிகளின் பெயரை வரிகளுக்கு வைத்தேன். பிள்ளை வரிக்கு, தலைப்பாதியைக் கொடுத்த வரியின் பெயர். மார்க்குக்கு நைனாவைக் கேட்டேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே, "இது தேறும், இது தேறாது" என்று சிரித்தபடி சொன்னார். தேறாத வரியை அடித்து, பக்கத்தில் 'செத்தான்' என்று எழுதினேன். அதுவும் சிவப்பு மையில். எப்பேர்ப்பட்ட மூளை!

அந்த வழியாக வந்த சித்தப்பா குனிந்து பார்த்தார்.

"இன்னாடா, என் பேரு கீது?"

"சும்மா, காலேஜ் கணக்கு சித்தப்பா."

"செத்தான்னு போட்டுக்கீறியே?"

"நீங்க இல்ல, உங்க வரிதான்."

"அவனவன் எறா இல்லாம காயறான். நீ என்னைப் பொதைச்சிட்டுக் கணக்கு போடறியா?" நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஊர்க்கூட்டம். கல்லைக் கட்டி என்னை ஏரியில் இறக்கப்போகிறார்கள் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, இருப்பதிலேயே நல்ல சட்டையை மாட்டிக்கொண்டேன். பிணம் கிடைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கட்டும்!

யாரும் திட்டவில்லை. தலைவர் மெதுவாகக் கேட்டார்.

"நல்லா புடிச்சவனுக்கு எத்தினி சீட்டு?"

"மூணு. சமயத்துல நாலு."

"புடிக்காதவனுக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப அவன் ஊட்ல இன்னா துன்னுவாங்க?"

"அது வெறும் காகிதம்ங்க. துன்னாது."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். சித்தப்பா நாலாவது பக்கத்தைப் பிரித்து எல்லோருக்கும் காட்டினார்.

"பாருங்க. எட்டு வரியும் ஒரே மாதிரி. எட்டுலயும் இவங்க நைனா பேரு. நாமெல்லாம் செத்துட்டோம்."

வாத்தியார் முன்பே எச்சரித்த கோளாறுதான் அது. ஓர் எழுத்தை அவ்வப்போது மாற்றாவிட்டால், ஒரே வரியின் பிள்ளைகள் வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். சோம்பலில் நான் அதைச் செய்யவில்லை. இதைச் சொல்லியிருக்கலாம். நானோ நல்ல சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"எவன் பொழைக்கணும், எவன் சாவணும்னு மார்க்கு போட்டது யாரு?" என்றார் தலைவர்.

"நான் இல்லீங்க," என்றேன் அவசரமாக. "நைனாதான்."

நைனா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மணலைப் பார்த்தார்.

அடுத்த நாள் பாடு போட்டார்கள். நைனாவின் சீட்டைச் சேர்க்கவில்லை. அந்தச் சுற்று முடிந்து அடுத்த பாடு போடும்வரை அவர் கடலோரத்து லைட்ஹவுஸ் குப்பத்தில் வேறொருவர் படகில் கூலிக்குப் போனார்.